ஒரே மலைப்பகுதி, பல நிறத் தடங்கள்: எந்தத் தடம் யாருக்கு என்று எப்படி எழுதுவது?

வரைபடக்காரன் எழுதியது:

வணக்கம். நாங்கள் ஓட்டும் மலைப்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் மலை மிதிவண்டித் தடங்களை ஒரே கையேடாகத் தொகுக்கும் வேலையை நண்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் முப்பத்தொரு தடங்கள். அவற்றுள் சில, மரம் ஏற்றும் வண்டிகளுக்காக வெட்டிய அகலமான காட்டுச் சாலைகள். சில, கால்நடைகள் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகள். மிச்சமுள்ளவை மிதிவண்டிக்கென்றே இயந்திரம் வைத்து மேடும் வளைவுமாக அமைக்கப்பட்டவை. வடக்குக் காட்டைப் பராமரிப்பவர்கள் பச்சை, நீலம், கருப்பு என மூன்று நிறங்களில் பலகை வைத்திருக்கிறார்கள். தெற்கில் அவற்றோடு சிவப்பும் உண்டு. நடுவில் உள்ள பள்ளத்தாக்கில் நிறமே கிடையாது, எண்கள்தாம்.

முதன்முறையாகக் காட்டுக்குள் வண்டி எடுத்து வருபவரிலிருந்து பாறைச் சரிவில் பாய்ந்து இறங்குபவர் வரை எல்லோரும் இந்தக் கையேட்டைப் பார்த்துத் தமக்கான தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். பலகைகளையெல்லாம் மறந்துவிட்டு, ‘புதியவர்’, ‘ஓரளவு பழகியவர்’, ‘தேர்ந்தவர்’ என்று மூன்றே பிரிவுகளில் அடைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இதில் ஏதேனும் சிக்கல் தெரிகிறதா?

கரட்டுப்பாதை எழுதியது:

சிக்கல் தெரிகிறது, அதுவும் அடிப்படையிலேயே. நீங்கள் தடத்தைப் பற்றி எழுதப் போகிறீர்களா, ஆளைப் பற்றி எழுதப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நிறம் என்பது தடத்துக்கு உரியது. ‘புதியவர்’ என்பது ஆளுக்கு உரியது. பத்து ஆண்டுகளாகச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய ஒருவர் ஒற்றையடித் தடத்தில் புதியவர்தான். ஆனால் அவருக்கு 20 கிலோமீட்டர் ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. மறுபுறம், பம்ப் டிராக்கிலேயே (மேடும் வளைவுமாகச் சுற்றிவரும் சிறு பயிற்சித் தடம்) வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த வளைவும் அச்சம் தராது, ஆனால் எட்டாவது கிலோமீட்டரில் கால் சோர்ந்து உட்கார்ந்துவிடும். இருவரையும் ஒரே பெட்டியில் போட்டால் இருவருக்குமே கையேடு தவறான வழி காட்டும்.

நிறங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் முறையைச் சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கமான இம்பா, பனிச்சறுக்குச் சரிவுகளின் அடையாளங்களைத் தழுவி உருவாக்கியது. வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், இரட்டைக் கருப்பு வைரம் என்று அது ஏறிக்கொண்டே போகும். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்ற வரிசை. நியூசிலாந்தில் 1 முதல் 6 வரை எண்கள். ஜெர்மானிய ஓட்டிகளிடையே பிறந்த ஒற்றைத்தட அளவுகோலில் எஸ்0 முதல் எஸ்5 வரை. பிரிட்டனில் நீலத்துக்கும் கருப்புக்கும் நடுவே ஒரு படி கூடுதலாக இருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். இம்பா முறையும் ஜெர்மானிய அளவுகோலும் தடத்தின் தொழில்நுட்பக் கடினத்தை மட்டுமே அளக்கின்றன. உடல் உழைப்பை அவை கணக்கில் சேர்ப்பதில்லை. பிரிட்டன் முறையோ ஓட்டுபவருக்கு எவ்வளவு உடல்திறன் வேண்டும் என்பதையும் சேர்த்தே நிறம் தருகிறது. எனவே உங்கள் வடக்குக் காட்டு நீலமும் தெற்குக் காட்டு நீலமும் ஒரே பொருளைச் சொல்லாமல் இருக்கலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணை போட்டு இதைத் தீர்க்க முடியாது.

இன்னொன்று. கருப்பு என்றாலே கல்லும் வேரும் என்று பலர் எண்ணுகிறார்கள். கனடாவின் விஸ்லர் மிதிவண்டிப் பூங்காவில் உள்ள ஏ-லைன் தடம் கருப்பு வைரம் பெற்றது; ஆனால் அதன் தரை இயந்திரத்தால் இழைத்ததுபோல் வழவழப்பானது. அங்கே கடினம் முழுவதும் வேகத்திலும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் டேபிள்டாப் (உச்சி தட்டையான மேடு) தாண்டல்களிலும்தான் இருக்கிறது. அதே கருப்பு இன்னோர் இடத்தில் நடைவேகத்தில் ஊர்ந்து இறங்க வேண்டிய பாறைக் குவியலாக இருக்கும். முதலாவதை ரசித்து ஓட்டுபவர் இரண்டாவதில் திணறக்கூடும். நிறம் எவ்வளவு கடினம் என்று சொல்கிறது. எப்படிப்பட்ட கடினம் என்று சொல்வதில்லை.

புதுச்சக்கரம் எழுதியது:

இழையைப் படித்தேன், என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. மலை மிதிவண்டி வாங்கி நான்காவது மாதத்தில், பச்சைத் தடங்கள் சலித்துப் போய், நீலப் பலகை பார்த்து ஒரு தடத்தில் நுழைந்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் எனக்கென்றே போட்டதுபோல் இருந்தது. வளைவுகளில் கரை எழுப்பியிருந்தார்கள். வண்டி தானாகவே சாய்ந்து திரும்பியது. அந்த மகிழ்ச்சியில் வேகம் கூடிக்கொண்டே போனதை நான் உணரவில்லை. நான்காவது கிலோமீட்டரில், ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பியதும், தரை சட்டென்று முடிந்து ஒரு பாறைப் படி வந்தது. முழங்கால் உயரம் இருக்கும். பின்னால் உட்கார்ந்துகொண்டு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், அதாவது செய்யக் கூடாத இரண்டையும் ஒருசேரச் செய்தேன். காறை எலும்பு முறிந்தது.

பிறகு அதே தடத்துக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். படிக்கு இடப்புறம், புதர் மறைவில், சுற்றிப் போக ஒரு வழி இருந்தது. அந்த வழிக்கு ஒரு சிறு அம்புக்குறிகூடக் கிடையாது. தடம் எனக்கு மீறியது என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு படி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் இறங்கி நடந்திருப்பேன், அவ்வளவுதான். கையேட்டில் ‘ஓரளவு பழகியவருக்கு’ என்று எழுதியிருந்தாலும் நான் அதே வேகத்தில்தான் போயிருப்பேன்.

மண்வெட்டி எழுதியது:

சகோதரி, உங்கள் எலும்பு முறிந்ததற்குப் பெரும்பாதிக் காரணம் அந்தத் தடத்தை வெட்டியவர்கள். நான் தடம் வெட்டும் தன்னார்வக் குழுக்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஒரு தடத்தின் கடினமான முகத்தை அதன் வாசலிலேயே காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். நாங்கள் இதை ‘வடிகட்டி’ என்று சொல்வோம். தடத்தில் எட்டாவது கிலோமீட்டரில் முழங்கால் உயரப் படி இருக்கிறது என்றால், தொடங்கிய இருபதாவது மீட்டரிலேயே, வண்டி இன்னும் மெதுவாக உருளும் இடத்தில், அதே அளவில் ஒரு படி வைக்க வேண்டும். அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். காருக்குக் கொஞ்ச தூரம்தான், பெருமைக்கும் இழுக்கில்லை. அப்படி இல்லாமல் மூன்று கிலோமீட்டர் தேன் தடவிவிட்டு நான்காவதில் கசப்பு வைப்பது ஏமாற்று. பலகையில் எந்த நிறம் பூசினாலும் அந்த ஏமாற்று மாறாது.

வரைபடக்காரர் ஐயா இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நீங்கள் இன்று அளந்து எழுதும் தரம் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்று உறுதி கிடையாது. தடத்தைத் தேய்ப்பதில் சக்கரத்தைவிட நீருக்குத்தான் பங்கு அதிகம். மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு இருக்கக் கூடாது என்று எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. மலை 30% சாய்ந்திருந்தால் தடம் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மேலிருந்து வரும் நீர் தடத்தைக் குறுக்காகக் கடந்து கீழே போவதற்குப் பதிலாகத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு அதன் நீளத்துக்கு ஓடும். ஓடும்போது மண்ணை எடுத்துக்கொண்டு போகும். கல்லும் வேரும் மேலே வரும். பச்சையாக வெட்டிய தடம் யாரும் கை வைக்காமலே நீலமாவது இப்படித்தான். மொத்தத் தடத்தின் சராசரிச் சாய்வு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான மண்வகைகள் தாங்கும். வெளிப்புற ஓரம் 5% அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். இறக்கத்தின் நடுவே அங்கங்கே தடம் சிறிது ஏறி மீண்டும் இறங்க வேண்டும். அந்தச் சிறு ஏற்றம் ஓட்டுபவருக்கு ஒரு விளையாட்டுபோல் இருக்கும். எங்களுக்கு அது வரப்பில் வெட்டிய மடை.

ஆகவே கையேட்டைத் தொகுக்கும்போது ஒவ்வொரு தடத்தின் இறக்கத்திலும் நின்று, நீர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள். தடத்தின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு கிழித்ததுபோல் அரிப்பு தொடங்கியிருந்தால், அந்தத் தடத்தின் நிறத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

வரைபடக்காரன் எழுதியது:

‘புதியவர், தேர்ந்தவர்’ யோசனையைக் கைவிட்டேன். ஆனால் நிறத்தையும் நம்ப முடியாது என்கிறீர்கள். ஒரு குறிப்பிட்ட தடத்தை வைத்துக் கேட்கிறேன். தெற்குக் காட்டில் ஓடையை ஒட்டி 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் போகிறது. கிட்டத்தட்ட முழுவதும் பச்சை: அகலமானது, மென்மையானது, எங்கேயும் திடீர் இறக்கம் கிடையாது. ஆனால் எட்டாவது கிலோமீட்டரில் தடம் ஓடையின் பழைய படுகையைக் கடக்கிறது. ஏறத்தாழ நாற்பது மீட்டருக்குக் கால்பந்து அளவுக் கற்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. அந்த நாற்பது மீட்டரை மட்டும் பார்த்தால் அது கருப்பு. இந்தத் தடத்துக்கு நான் என்ன நிறம் எழுதுவது?

மண்வெட்டி எழுதியது:

தவிர்க்க முடியாத இடங்களில் மிகக் கடினமானது எதுவோ, அதன் நிறமே தடத்தின் நிறம். சுற்று வழி இல்லையென்றால் கருப்பு. எனக்கு இதில் ஐயம் இல்லை.

கரட்டுப்பாதை எழுதியது:

மண்வெட்டி அண்ணன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த விதியை இங்கே பொருத்தினால் இரண்டு பக்கமும் கெடும். அந்தத் தடத்தைக் கருப்பு என்று எழுதினால், குழந்தைகளோடு வருபவர்கள் பதினொரு கிலோமீட்டர் அருமையான ஓடையோரத்தை இழந்துவிடுவார்கள். கருப்பு தேடி வருபவர்கள் நாற்பது மீட்டருக்காகப் பதினொரு கிலோமீட்டர் ஓட்டி ஏமாறுவார்கள்; ஏமாந்த எரிச்சலில் மிச்சத் தடத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள். பலகைகளில் கடினத்தை ஒரு படி உயர்த்திப் போடுபவர்களும் உண்டு. பழி வராமல் இருக்க அது உதவும். ஆனால் இரண்டு முறை கருப்புத் தடத்தில் போய் அது நீலமாக இருக்கக் கண்டவர், மூன்றாவது முறை உண்மையான கருப்பில் கண்ணை மூடிக்கொண்டு நுழைவார். மிகையாக எச்சரிப்பதும் ஒரு வகையில் பொய் சொல்வதுதான்.

நாற்பது மீட்டர் வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதில் என்ன இழிவு இருக்கிறது? பச்சை என்று எழுதி, எட்டாவது கிலோமீட்டரில் நாற்பது மீட்டர் நடக்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

புதுச்சக்கரம் எழுதியது:

கரட்டுப்பாதை ஐயாவின் கருத்தோடு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த எச்சரிக்கை கையேட்டில் மட்டும் இருந்தால் போதாது. கையேட்டைக் காலையில் படித்தவர் எட்டாவது கிலோமீட்டரில் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார். படுகைக்கு முப்பது மீட்டர் முன்னால், நேராகப் பார்வை படும் இடத்தில், ஒரு பலகை வேண்டும். வளைவுக்குப் பின்னால் வைத்தால் அது பலகை அல்ல, அலங்காரம்.

மண்வெட்டி எழுதியது:

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், பாதி. பலகை வைத்து, இறங்கி நடக்க ஓரமாக ஒரு கால்பாதையும் செதுக்கினால் பச்சை என்று எழுதுவதை ஏற்கலாம். அதைவிட நல்லது, படுகையைச் சுற்றிச் சக்கரம் உருளும்படி ஒரு மாற்று வழி. ஆனால் ஒரு நுணுக்கம்: எளிய வழி பிரதான வழியாகவும், கடினமான கற்கள் விரும்பிப் போகும் கிளையாகவும் இருக்க வேண்டும். எதையும் தேர்ந்தெடுக்காமல் சும்மா போகிறவர் எளிய வழியில்தான் போய்ச் சேர வேண்டும். சகோதரி விழுந்த இடத்தில் இது தலைகீழாக இருந்தது.

இதற்கு நல்ல முன்மாதிரி தெற்கு ஸ்காட்லாந்தின் 7ஸ்டேன்ஸ். கிளென்ட்ரெஸ் முதல் கிளென்ட்ரூல் வரை ஒரு பெரும்பகுதியின் காடுகளை ஒரே குடையின்கீழ், ஒரே நிற முறையில் கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றுள் டால்பீட்டியின் சிவப்புத் தடத்தில் ‘ஸ்லாப்’ என்ற செங்குத்தான கருங்கல் பாறைச் சரிவு பெயர்பெற்றது. ஆனால் அதில் இறங்கியே தீர வேண்டும் என்பதில்லை. விரும்பியவர் அதன் மேல் ஏறி இறங்கலாம், மற்றவர் தடத்தோடு போய்க்கொண்டே இருக்கலாம். தனக்கு முன்னால் போனவர் இறங்குவதை நின்று பார்க்கவும் வசதி உண்டு. நின்று பார்க்க இடம் கொடுப்பது தடம் அமைப்பதில் பாதிக் கலை என்பேன்.

இரண்டாம்கியர் எழுதியது:

என் மகளோடு ஓட்டுபவன் என்ற முறையில் ஒரு கணக்கை முன்வைக்கிறேன். இம்பா அளவுகளின்படி பச்சைத் தடத்தில் தவிர்க்க முடியாத தடை 5 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. நீலத்தில் 20 செ.மீ.; கருப்பில் 38 செ.மீ. இந்த எண்களைச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஓட்டும் 29 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 37 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதாவது, கருப்புத் தடத்தின் எல்லை ஏறக்குறைய பெரியவரின் அச்சு உயரம். அச்சு உயரத் தடையில் சக்கரம் உருண்டு ஏறாது, முட்டி நிற்கும்; முன்சக்கரத்தைத் தூக்கத் தெரிந்தால்தான் மேலே போக முடியும்.

இனி என் மகளின் 20 அங்குலச் சக்கரத்துக்கு வருவோம். அதன் அச்சு உயரம் ஏறத்தாழ 25 செ.மீ. நீலத் தடத்தின் 20 செ.மீ. கல் எனக்கு ஒரு குலுக்கல். அவளுக்கு அது கிட்டத்தட்ட அச்சு மட்டத்துச் சுவர். எனக்குக் கருப்பு எதுவோ, அதற்கு மிக அருகில் அவளுக்கு நீலம் வந்துவிடுகிறது. ‘நீலம்தானே, வா’ என்று அவளை அழைத்துப் போய், அவள் அழுதபோது ‘இதற்கா பயம்’ என்று கேட்டிருக்கிறேன். ஒரு மாலையில் வீட்டில் அளவுநாடாவை எடுத்து இரண்டு சக்கரத்தையும் அளந்த பிறகு வெட்கமாகிவிட்டது.

ஆகையால் நிறத்தோடு, தவிர்க்க முடியாத மிக உயரமான தடை எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதுங்கள். எந்தப் பெற்றோரும் தன் பிள்ளையின் சக்கரத்தை அளந்துகொள்ள முடியும்.

மூன்றுசக்கரம் எழுதியது:

இரண்டாம்கியர் கணக்குப் போட்டதைப் பார்த்து என் கணக்கையும் சொல்ல வந்தேன். முதுகெலும்புக் காயத்துக்குப் பிறகு, கைகளால் சுழற்றும் மூன்று சக்கர மலை வண்டி ஓட்டுகிறேன். பாறையும் வேரும் எனக்குப் பெரிய தடையல்ல. நல்ல சஸ்பென்ஷன் இருக்கிறது, தரையை ஒட்டித் தாழ்வாக அமர்ந்திருப்பதால் முன்னால் குட்டிக்கரணம் அடிக்கும் பயமும் குறைவு. என்னைத் தடுப்பவை அகலமும் பக்கச் சாய்வும்தாம்.

அதே இம்பா அளவுகளில் பச்சைத் தடத்தின் தரை குறைந்தது 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும், நீலத்துக்கு 60, கருப்புக்கு 30. என் வண்டியின் அகலம் 86 செ.மீ. ஆகவே, அளவுப்படி மட்டும் பார்த்தால் நீலத் தடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக உள்ள என் இரண்டு சக்கரங்களில் ஒன்று காற்றில் தொங்கும். கடினமான இறக்கங்களை ஓட்டும் திறன் இருந்தும், அகலம் என்ற ஒரே காரணத்தால் பச்சையோடு நிற்கிறேன். மறுபுறம், அகலமான கருப்புத் தடங்கள் சில உண்டு. அவற்றில் சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். இரு சக்கர வண்டிக்காரர் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்துகொள்வார். என் வண்டி தரையோடு சேர்ந்தே சாயும். பக்கவாட்டில் சாய்ந்த தரையில் பச்சைத் தடம்கூட என்னைக் கவிழ்த்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப இடம் இல்லாவிட்டால், பின்னால் நகர்த்த ஒரு துணை வேண்டும்.

வேல்ஸில் உள்ள கோய்ட்-எ-பிரெனின், பிரிட்டனில் மலை மிதிவண்டிக்கென்றே தடங்கள் அமைத்த முதல் மையம். அங்கே ‘மைனர்டார்’ என்ற தடத்தை எங்களைப் போன்ற வண்டிகளையும் கருத்தில் கொண்டு அமைத்தார்கள். அதன் நிறம் நீலம் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கு என்றால் காட்டுச் சாலை போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ‘எல்லோருக்கும்’ என்று தலைப்பில் எழுதிவிட்டு எளிய தடத்தை மட்டும் காட்டுவது எனக்கு உவப்பானதல்ல.

நீங்கள் தடத்துக்குத் தடம் மூன்று எண்களைத் தந்தால் போதும்: மிகக் குறுகிய இடத்தின் அகலம், அது எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, வாசல் கம்பங்களுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர். கடைசியானதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மோட்டார் வண்டிகள் நுழையக் கூடாது என்று வைக்கும் கம்பங்கள்தாம் பல இடங்களில் என்னையும் நிறுத்துகின்றன.

கரட்டுப்பாதை எழுதியது:

மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம். ‘எவ்வளவு கடினம், எப்படிப்பட்ட கடினம்’ என்று இரண்டு கேள்விகள் கேட்டேன். ‘எந்த வண்டிக்கு’ என்ற மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

பயிற்சிச் சுற்று வைக்கலாமா என்று வரைபடக்காரர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதில் தருகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரருகே உள்ள ஸ்லிக்ராக் தடத்தை 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் வகுத்தார்கள். மணற்பாறையின் மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டி வழி காட்டியிருப்பார்கள். குதிரைகளின் இரும்பு லாடம் வழுக்கியதால் அந்தப் பாறைக்கு வழுக்குப்பாறை என்று பெயர். ரப்பர் டயரோ அதில் பசைபோல் ஒட்டும். பிரதானச் சுற்று ஏறத்தாழ 17 கிலோமீட்டர். அதன் தொடக்கத்திலேயே நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான பயிற்சிச் சுற்று ஒன்று உண்டு. பயிற்சி என்ற பெயரைப் பார்த்து அதை எளியது என்று எண்ணி இறங்குபவர்கள் மூச்சுத் திணறிப் போகிறார்கள். நீளம் குறைவே தவிர, செங்குத்தில் அது பிரதானச் சுற்றுக்குச் சளைத்தது அல்ல. மண்வெட்டி அண்ணன் சொன்ன வடிகட்டி அதுதான், பெயர் மட்டும் தவறு. உங்கள் கையேட்டில் அப்படி ஒன்று இருந்தால் ‘சோதனைச் சுற்று’ என்று எழுதுங்கள்.

உடல் உழைப்பைப் பற்றி ஒரு வரி. தூரத்தை மட்டும் எழுதாமல் மொத்த ஏற்றத்தையும் எழுதுங்கள். 10 கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறுவதும் 500 மீட்டர் ஏறுவதும் வேறு வேறு நாட்கள். மின் உதவி வண்டிகள் வந்த பிறகு இது தேவையில்லை என்பார்கள். மின்கலம் ஏற்றத்தில் கால் கொடுக்கும். இறக்கத்தில் கை கொடுக்காது. பழகாதவரைக் கனமான வண்டியோடு மலையுச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும், அவ்வளவுதான்.

இரண்டாம்கியர் எழுதியது:

நீண்ட இறக்கத்தையும் தனியாகக் குறிப்பிடுங்கள். 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, பின்சக்கர அச்சு பிரேக்கின் மசகு ஒரே இறக்கத்தில் எரிந்து புகைந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான். இப்போது டிஸ்க் பிரேக்குகள் வந்துவிட்டன. ஆனால் பிள்ளைகளின் விரல்கள் மாறவில்லை. மூன்று கிலோமீட்டர் தொடர்ந்து பிரேக்கை அழுத்திய பிறகு என் மகளால் விரலை விரிக்கவே முடியவில்லை. நடுவில் நிற்கச் சமதளம் எங்கே இருக்கிறது என்று எழுதினால் போதும்.

வரைபடக்காரன் எழுதியது:

எல்லோருடைய சொல்லையும் வைத்து ஓடையோரத் தடத்துக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

‘ஓடையோரத் தடம். 11 கி.மீ., மொத்த ஏற்றம் 140 மீட்டர். வாசல் பலகையில் பச்சை (தெற்குக் காட்டின் நான்கு நிற முறை). தரை இறுகிய மண். மழைக்கு மறுநாள் ஐந்தாவது கிலோமீட்டரில் சேறு நிற்கும், அப்போது தவிர்ப்பது தடத்துக்கு நல்லது. 8-ஆவது கிலோமீட்டரில் ஓடைப் படுகை: நாற்பது மீட்டர் நீளத்துக்குக் கற்கள், மிக உயரமானது 24 செ.மீ., இப்போதைக்குச் சுற்று வழி இல்லை, இறங்கி நடக்கலாம். வேறெங்கும் 5 செ.மீட்டரைத் தாண்டிய தடை இல்லை. மிகக் குறுகிய இடம் 95 செ.மீ., 6-ஆவது கிலோமீட்டர் மரப்பாலம். பக்கச் சாய்வு குறிப்பிடும்படி இல்லை. 4-ஆவது, 7-ஆவது கிலோமீட்டர்களில் காட்டுச் சாலைக்கு வெளியேறலாம். கடைசியாக ஓட்டிப் பார்த்து அளந்தது இந்த மாதம்.’

புதுச்சக்கரம் எழுதியது:

7-ஆவது கிலோமீட்டரில் வெளியேறலாம் என்பதையும் 8-ஆவதில் படுகை இருப்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். ‘படுகை வேண்டாம் என்பவர் 7-ஆவதில் வெளியேறலாம்’ என்று. பிரித்து எழுதினால் என் போன்றவர்கள் இரண்டையும் இணைத்துப் பார்க்க மாட்டோம்.

மண்வெட்டி எழுதியது:

கடைசி வரி மிக நன்று. அளந்த மாதத்தோடு ஆண்டையும் போடுங்கள். கையேடு நம்மைவிட நீண்ட நாள் உயிர்வாழும்.

மூன்றுசக்கரம் எழுதியது:

பாலத்தின் அகலத்தை அளந்ததற்கு நன்றி. வாசல் கம்பங்கள்?

வரைபடக்காரன் எழுதியது:

மன்னிக்கவும், நீங்கள் எச்சரித்தும் மறந்துவிட்டேன். என் ஹேண்டில்பார் 78 செ.மீ. அகலம்; அது உரசாமல் போனதால் அளக்கத் தோன்றவில்லை. நாளை நாடாவோடு போகிறேன்.

வரைபடக்காரன் எழுதியது:

அளந்துவிட்டேன். கம்பங்களுக்கு இடையே 84 செ.மீ.

மூன்றுசக்கரம் எழுதியது:

எனக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. பதினொரு கிலோமீட்டரில் என்னால் முடியாத இடம் அந்த வாசல் ஒன்றுதான்.

வரைபடக்காரன் எழுதியது:

பராமரிப்பவர்களிடம் பேசினேன். இடப்பக்கக் கம்பத்தைப் பிடுங்கிப் பத்து சென்டிமீட்டர் தள்ளி நட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; படுகைக்கு முன்னால் பலகைக்கும் சம்மதம். எப்போது என்று நாள் சொல்லவில்லை. கம்பம் நகரும்வரை கையேட்டில் 84 என்றே இருக்கும்.